செஞ்சியில் செர்ரி எது?

செஞ்சிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் செர்ரி மரம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், தெருமுனையில் கிளை தாழ்த்தி நிற்கும் ஒரு மரத்தைக் காட்டுவார்கள். அதன் சிவந்த பழத்தைச் சிலர் செர்ரிப் பழம் என்பார்கள், சிலர் தேன்பழம் என்பார்கள். பேக்கரிக்காரரிடம் கேட்டால் கேக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டையைக் காட்டுவார். தாவரவியல் படித்தவரோ, செர்ரியாவது செஞ்சியாவது, இந்த வெயிலில் அது வளராது என்று கைவிரிப்பார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றுக்கு அடியில் இருக்கிற கேள்வியை யாரும் கேட்பதில்லை: செர்ரி என்ற பெயரில் நம் கைக்கு வருபவற்றில் இந்த மண்ணின் காட்டுச் செடி எது, வெளியிலிருந்து வந்து குடியேறியது எது? எதை வைத்து அதைப் பிரித்தறிவது?

முதலில் அசல் செர்ரியின் கதையை முடித்துவிடலாம். உலகச் சந்தையில் செர்ரி என்று விற்பது புரூனஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பாதாம், பிளம், பீச் எல்லாம் அதன் உறவுகள். இனிப்புச் செர்ரியான புரூனஸ் ஏவியத்துக்குப் பூ எடுக்க நீண்ட குளிர்காலம் வேண்டும். ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் நின்றால்தான் அதன் மொட்டுகள் உறக்கம் கலையும். அதனால்தான் இந்தியாவில் அது பெரும்பாலும் காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளைகிறது. சித்திரை வெயிலில் பாறை பழுக்கக் காயும் செஞ்சியில் அதை நட்டால் வெறும் இலைதான் மிஞ்சும், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

இந்தப் பேரினத்துக்குத் தமிழகத்தில் காட்டு வாரிசு இல்லாமலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் புரூனஸ் சிலானிக்கா என்ற உயர்ந்த பசுமைமாறா மரம் நிற்கிறது. இலையின் அடியில் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும். இலையைக் கசக்கினால் கசப்பு பாதாமின் வாசனை வரும். மலை வாசஸ்தலங்களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட பிளம், பீச் ஆகியவை இலையுதிர்ப்பவை. காட்டு மரம் இலையுதிர்க்காது. அங்கே அடையாளம் காண்பது அவ்வளவு எளிது. இமயமலையிலும் காசி மலைகளிலும் இளஞ்சிவப்பாகப் பூக்கும் புரூனஸ் செரசாய்டஸ் அந்த மண்ணின் சொந்தக் காட்டு மரம். ஷில்லாங்கில் நவம்பர் மாதம் நடக்கும் செர்ரிப்பூ விழா அதைக் கொண்டாடுவதுதான், ஜப்பானிலிருந்து வந்ததை அல்ல.

செர்ரி மரங்களின் தாயகமாகப் பேசப்படும் நாடுகளிலேயே இந்தப் பிரிப்பு சிக்கலானது. ஐரோப்பாவில் காட்டுச் செர்ரியும் தோட்டச் செர்ரியும் ஒரே இனம். பறவைகள் தோட்டத்துப் பழத்தைத் தின்று காட்டில் விதைக்கின்றன. பிறகு எது எதன் பிள்ளை என்று சொல்ல மரபணுச் சோதனைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானில் ஊர் ஊராக நிற்கும் சோமெய் யோஷினோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய ஒட்டுக்கட்டு மரம். பார்த்த மரமெல்லாம் ஒரே மரத்தின் நகல். மறுபக்கம், கீ தீபகற்பத்தின் காடுகளில் காலங்காலமாகப் பூத்துக்கொண்டிருந்த ஒரு காட்டுச் செர்ரி தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது 2018இல்தான். செர்ரியைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நாட்டுக்கே கண்ணெதிரில் இருந்த காட்டு மரம் அவ்வளவு தாமதமாகத் தெரிந்ததென்றால், நாம் நம் புதர்க்காட்டைப் பார்க்காமல் விட்டதில் வியப்பில்லை.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கைப்பேசிகளில் சுற்றும் ‘நம்ம ஊர் செர்ரிப்பூ’ படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலையே இல்லாத கிளையில் வெளிர் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தால் அது கிளைரிசிடியா என்னும் சீமைக்கொன்றை. தழை உரத்துக்காக வேலியில் நடப்பட்ட மத்திய அமெரிக்க மரம் அது, அவரைக் குடும்பம். பெங்களூருத் தெருக்களில் இளஞ்சிவப்பு எக்காளங்களாகப் பூப்பது தபேபுயா. இரண்டுக்கும் செர்ரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரு செடி எந்த ஊர்க்காரச் செடி என்று எப்படித் தீர்மானிப்பது? சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் அல்ஃபோன்ஸ் டி கேண்டோல் 1883இல் வெளியிட்ட பயிர்களின் தோற்றம் பற்றிய நூலில் இதற்கு நான்கு சாட்சிகளைக் கூப்பிட்டார். அந்தச் செடி மனிதர் உதவியின்றி எங்கே வளர்கிறது, மண்ணுக்கடியில் அதன் பழைய எச்சம் கிடைக்கிறதா, பழைய எழுத்துகளில் அது வருகிறதா, மக்கள் மொழிகளில் அதற்கு எத்தனை பழைய பெயர்கள் உள்ளன. எந்தச் சாட்சியையும் தனியாக நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. தமிழ்நாட்டுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: உலர்தாவரச் சேகரிப்பு. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. திருச்சி ராபினட் உலர்தாவரகத்தின் பாதிரியார் கே. எம். மேத்யூ, தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை 1980களில் தொகுத்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955 முதல் இந்தப் பகுதியின் தாவரங்களைச் சேகரித்தும் வரைபடமாக்கியும் வருகிறது. செஞ்சி இந்த மூன்று பணிகளின் எல்லைக்குள்ளும் வருகிற ஊர்.

இனி தேன்பழத்துக்கு வருவோம். மன்டிங்கியா கலாபுரா என்று லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட இந்த மரம் தெற்கு மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதி வரை உள்ள வெப்பநிலங்களுக்குச் சொந்தமானது. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் பிலிப்பைன்ஸுக்கு வந்து, அங்கிருந்து தென்கிழக்காசியா முழுக்கப் பரவியது. மலாய் நாட்டார் அதைச் செரி என்றே அழைத்தார்கள். சிங்கப்பூர்ச் செர்ரி என்று நாம் சொல்வது அந்தத் தொடர்பால். இலங்கையில் அது ஜாம் பழம், கேரளத்தில் பஞ்சாரப்பழம், கர்நாடகத்தில் விதையின் சிறுமையை வைத்துக் கசகசாப் பழம். டி கேண்டோலின் அளவுகோலால் பார்த்தால் இதுவே ஒரு சாட்சி. எல்லாப் பெயரும் இனிப்பைப் பற்றியோ விதையைப் பற்றியோ வேறு பொருளோடு ஒப்பிட்டோ பிற்காலத்தில் வைத்தவை. பழைய இலக்கியத்தில் இடமில்லை, நாட்டு மருத்துவ நூல்களில் வேரூன்றிய இடமில்லை, எந்தக் கோயிலுக்கும் அது தலவிருட்சமில்லை.

ஆனாலும் அதைக் காட்டு மரம் என்று நம்புகிறவர்களே அதிகம். காரணம், யாரும் நட்டதாக நினைவில்லை. கிணற்றுச் சுவரில் முளைக்கிறது, சாக்கடை ஓரத்தில் முளைக்கிறது, இடிந்த வீட்டின் நடுவில் முளைத்து இரண்டே ஆண்டில் காய்க்கிறது. ஒரு பழத்துக்குள் ஆயிரக்கணக்கில் தூள் போன்ற விதைகள். கொண்டைக்குருவி, அணில், பூங்கொத்தி எல்லாம் தின்கின்றன. இரவில் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. நட்டவர்கள் இவர்கள்தான். தானாக முளைப்பதெல்லாம் காட்டுச் செடி என்ற நம் வழக்கமான அளவுகோல் இங்கேதான் தவறுகிறது. வந்த ஊரில் மனிதர் உதவியின்றி இனம் பெருக்கும் செடியைத் தாவரவியலார் குடியேறி இயல்பானது என்பார்கள். அது காட்டுச் செடிக்குரிய இடத்தை அதற்குக் கொடுத்துவிடாது.

மரத்தை அடையாளம் காண்பதில் தடுமாற வேண்டியதில்லை. கிளைகள் விசிறிபோல் கிடைமட்டமாக நீண்டு நுனி தாழும். இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும், விளிம்பில் பல் இருக்கும், அடிப்பக்கம் ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் கோணலாக இருக்கும். தொட்டால் மென்மயிரின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டும். ஐந்து வெள்ளை இதழுள்ள பூ இலைக்கு மேலே நிமிர்ந்து காலையில் விரிந்து, அன்றே இதழ் உதிர்க்கும். கரு பிடித்ததும் காம்பு கீழே வளைந்துவிடும், ஆகவே காய் இலைக்குக் கீழே தொங்கும். நிழலுக்கு ஒதுங்குகிறவர் அண்ணாந்து பார்த்தால்தான் பழம் தெரியும்.

குழப்பம் வருவது நாட்டு உறவினர்களோடு. தடசுப் பேரினத்தைச் சேர்ந்த மரங்களும் புதர்களும் செஞ்சி போன்ற வறண்ட குன்றுப் பகுதிகளின் சொந்தச் செடிகள். அவற்றின் இலையும் பல் விளிம்போடு, அடியிலிருந்து மூன்று நரம்பு கிளம்பி, கொஞ்சம் கோணலாக இருக்கும். பட்டையில் நாரும் உண்டு. பழைய வகைப்பாட்டில் தேன்பழ மரத்தைத் தடசுக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். அதற்கென்று தனிக் குடும்பம் அமைந்தது 1998இல். ஆகவே ஆடு மேய்ப்பவர் இரண்டையும் ஒரே சாதி என்று சொன்னால் அவரைக் கேலி செய்ய வேண்டாம், பேராசிரியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். பழத்தைக் கடித்துப் பாருங்கள். தடசின் பழத்தில் சதை குறைவு, கடினமான கொட்டை பல்லில் இடறும். தேன்பழம் வாயில் கரையும், விதை மணலாக நெரியும். மலைப்பாங்கில் இன்னொரு போலி உண்டு, ட்ரீமா என்னும் நாட்டு மரம். அதே கோணல் இலை, அதே கிடைக்கிளை. ஆனால் இலை சொரசொரப்பாக இருக்கும், பிசுபிசுக்காது. பூ கண்ணுக்கே தெரியாத பச்சை, பழம் மிளகளவுக் கறுப்பு.

ஆங்கிலேயர் ‘இந்தியச் செர்ரி’ என்று பெயர் வைத்த மரமும் ஒன்று இருக்கிறது. நம்முடைய நறுவிலிதான் அது. ஏரிக்கரைகளிலும் ஊர்ப் பொதுநிலங்களிலும் நிற்கும் இந்த மரத்தின் பழத்துக்கு மூக்குச்சளிப் பழம் என்ற பெயரை வைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு பொருத்தம். வெளிர் ஆரஞ்சு நிறப் பழம், உள்ளே இனிப்பான பசை. அந்தப் பசையால் காகிதம் ஒட்டிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இதே பேரினத்தில் பூங்காக்களிலும் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் நடப்படும் அச்சிநறுவிலி மேற்கிந்தியத் தீவுப் பக்கத்திலிருந்து வந்தது. பிரித்தறிவது எளிது: வந்ததன் பூ தீச்சிவப்பு, இங்குள்ளதன் பூ சிறியது, வெள்ளை.

இத்தனையும் சொன்ன பிறகு, செஞ்சிக் குன்றுகளின் செர்ரி என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் என் வாக்கு களாவுக்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை இது. உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு இடையில் மண் தங்கிய பொந்துகளில்தான் இங்கே செடி பிழைக்க முடியும். அப்படிப்பட்ட இடத்துக்கென்றே பிறந்தது களா. உடைத்தால் பால் வடியும். இலைகள் எதிரெதிராக, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். மல்லிகை போன்ற வெள்ளைப் பூ, மல்லிகைக்குக் குறையாத மணம். காய் பச்சையில் புளிப்பு, சிவந்து கறுத்தால் இனிப்பு கலந்த புளிப்பு. ஆடு மேயத் தயங்கும் முள். ஆவூர் மூலங்கிழார் பாடிய புறநானூற்று 177ஆம் பாட்டில் களாவும் துடரியும் நாவலும் சேர்ந்து வருகின்றன, காட்டுப் பழம் தின்று திரிந்தவர்களின் காட்சியாக. இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருக்கமான சாட்சியம் அது. டி கேண்டோலின் வரலாற்றுச் சாட்சி இதைவிடத் தெளிவாகக் கிடைப்பது அரிது.

ஆனால் களாவிலும் காட்டுக்களா எது, வளர்ப்புக்களா எது, வந்த களா எது என்ற கேள்வி இருக்கிறது. குன்றுகளில் தானாக வளர்வது பெரும்பாலும் சிறுகளா, கரிசா ஸ்பைனாரம். புதராகவே நிற்கும், இலை சிறியது, முள் பெரும்பாலும் கிளைக்காமல் நேராக இருக்கும், பழம் பட்டாணியைவிடச் சற்றுப் பெரியது. வேலியிலும் தோப்பிலும் நட்டு, ஊறுகாய்க்காகப் பறிப்பது பெருங்களா, கரிசா கரண்டாஸ். அது சிறு மரமாகவும் உயரும், முள் நுனியில் கவையாகப் பிரிவதுண்டு, பழம் இரண்டு சென்டிமீட்டர்வரை பருக்கும். இதுவும் இந்திய மண்ணின் செடிதான். என்றாலும் நெடுங்காலம் வேலியாக நடப்பட்டதால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்பது தானாக முளைத்ததா, என்றோ யாரோ நட்ட வேலியின் மிச்சமா என்று சொல்வது கடினம். பழைய ஊர் இருந்த இடம், கைவிட்ட கொல்லை, கோட்டைக்குள் இடிந்த வீட்டு வரிசை ஆகியவற்றின் அருகே பெருங்களா நின்றால் நட்டது என்றே நான் கொள்வேன். மதிலுக்கு மேலே, பாறைச் சரிவில் நிற்கும் சிறுகளாவுக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம்.

சிறுகளாவுக்கு இன்னொரு சிக்கல், அதன் பரப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா வழியாக ஆஸ்திரேலியாவரை வெவ்வேறு பெயரில் எழுதப்பட்டிருந்த களாக்களை 2001இல் வந்த ஒரு மறுஆய்வு ஒரே இனமாகச் சேர்த்துவிட்டது. இலையும் முள்ளும் பழமும் இடத்துக்கு இடம் மாறுகிற செடி என்பதால் அந்தச் சேர்ப்பை மறுப்பவர்களும் உண்டு. செஞ்சிக்கு இதனால் நட்டமில்லை. ஒரே இனம் என்றாலும் பல இனம் என்றாலும் இங்குள்ளது இங்குள்ளதுதான்.

மூன்றாவது களா, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கரிசா மேக்ரோகார்ப்பா. நேட்டால் பிளம் என்று நாற்றுப் பண்ணைகளில் விற்கிறார்கள். அலுவலக வாசல்களிலும் பூங்கா ஓரங்களிலும் கத்தரித்து நிறுத்தப்படும் அழகுச்செடி. பூ நம் களாவைவிடப் பெரியது, நட்சத்திரமாக விரியும். முள் இரண்டாகப் பிரிந்து கவையாக நிற்கும். பழம் கறுக்காமல் சிவப்பாகவே பழுக்கும், பிளம் அளவுக்குப் பருக்கும். பெயர்ப் பலகையில் ‘களா’ என்று மட்டும் எழுதி இதை நாட்டுச்செடிக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் வரக்கூடியது, கவனம் வேண்டும்.

பேக்கரி செர்ரிக்கு இப்போது வரலாம். நம் ஊர்க் கேக்கிலும் பன்னிலும் ஐஸ்கிரீமிலும் வருகிற அந்தச் சிவப்பு உருண்டை பெரும்பாலும் பெருங்களாதான். காயை உப்புநீரில் ஊறவைத்து, விதை எடுத்து, நிறம் நீக்கி, சர்க்கரைப் பாகில் நாளுக்கு நாள் அடர்த்தி கூட்டி ஊறவைக்கிறார்கள். சிவப்பு தருவது எரித்ரோசின் என்ற சாயம். அமிலத்தில் அது கரையாது. புளிப்பான பழத்துக்குள் போனதும் அங்கேயே படிந்து நின்றுவிடும், கேக்கின் வெள்ளைக் கிரீமில் கசியாது. இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட சில செயற்கைச் சாயங்களில் அது ஒன்று. பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பாகச் சிதறிக் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். ஆக, குன்றேறி நின்றால் கண்டுகொள்ளாத முட்செடியின் உறவைத்தான் பிறந்தநாள் கேக்கில் செர்ரி என்று சண்டை போட்டுத் தின்கிறோம். காசு கொடுத்து வாங்கும்போது அதன் சொந்தப் பெயர் மட்டும் லேபிளில் சின்ன எழுத்துக்குப் போய்விடுகிறது.

நாற்றுப் பண்ணைகளில் செர்ரி என்று விற்கும் வேறு இரண்டையும் குறிப்பிட்டுவிட வேண்டும். பார்படாஸ் செர்ரியின் பழம் மூன்று பள்ளங்களோடு இருக்கும், வைட்டமின் சி மிகுதி. சுரினாம் செர்ரி எட்டு மடிப்புள்ள குட்டிப் பூசணி, நாவல் குடும்பம், இலையைக் கசக்கினால் மணக்கும். இரண்டும் அமெரிக்க வெப்பநிலங்களிலிருந்து வந்த தோட்டச் செடிகள். குன்றுகளில் இவற்றைத் தேட வேண்டியதில்லை.

‘எப்போது வந்தால் வந்தேறி?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இப்பகுதிக் குன்றுகளில் சீதாப்பழம் காடாக வளர்கிறது. அதன் தாயகம் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் காலத்தோடு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். மிளகாயும் பப்பாளியும் அப்படித்தான் வந்தன. செஞ்சியே வந்தவர்கள் கைமாறிய கோட்டை. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூருக்கு, 1677இல் சிவாஜிக்கு, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயருக்கு, 1750இல் பிரெஞ்சுக்காரருக்கு, 1761இல் ஆங்கிலேயருக்கு. ஏசு சபைப் பாதிரி பிமென்டா 1597இல் இங்கே வந்து ஊரின் பெருமையை எழுதிவைத்தார். ஆள் வரும் வழியில்தான் விதையும் வரும். வந்தது எல்லாம் பகை என்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வந்ததை வந்தது என்று தெரிந்து வைத்திருப்பது வேறு, அதை விரட்டுவது வேறு.

தேன்பழ மரத்துக்கு ஆதரவாகவும் வலுவான வாதம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக வௌவால் ஆய்வாளர்கள், இந்த மரத்தை நட்டால் பழந்தின்னி வௌவால்கள் தோப்புகளில் செய்யும் சேதம் குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆண்டு முழுக்கக் காய்க்கும், நிழல் தரும், தண்ணீர் கேட்காது. சீமைக்கருவேலைப் போல் ஏரியையும் வயலையும் ஒருசேர விழுங்கும் குணமும் அதற்கு இல்லை. வெளிச்சம் இருக்கிற இடத்தில்தான் நாற்று பிழைக்கும், அடர்ந்த காட்டுக்குள் அதற்கு வேலையில்லை. பள்ளி வளாகத்திலும் தெருவிலும் அது நிற்கட்டும், வெட்டத் தேவையில்லை.

குன்றுகளின் கதை வேறு. மராட்டியரின் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனி பார்வையாளர் கூடுவார்கள், பசுமையாக்கும் திட்டங்கள் வரும், மரக்கன்று நடும் விழாக்களும் வரும். விரைவாக வளர்கிறது, பறவை வருகிறது, செலவில்லை என்று தேன்பழக் கன்றைக் கோட்டைச் சரிவில் வரிசையாக நட ஆசை பிறப்பது இயல்பு. பட்டியலில் ‘செர்ரி’ என்று போட்டுவிட்டால் யாரும் கேட்கப் போவதுமில்லை. செஞ்சிக் குன்றுகளும் அருகிலுள்ள பக்கமலைக் காப்புக்காடும் சோழமண்டலக் கரையோரத்து வறண்ட பசுமைமாறாக் காட்டு மரபின் மிச்சங்களைத் தாங்கியவை. வீரை, பாலை, காசான், களா என்று மெதுவாக வளர்ந்து, வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும் செடிகளின் கூட்டம் அது. தமிழக அரசு 2022இல் ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்கள் குறித்தும் சூழல் மீட்பு குறித்தும் ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. அப்படி இருக்க, மீட்புக்கான இடத்தில் புதிதாக ஒரு அயல் மரத்தை நட்டுவைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

அங்கே நட வேண்டியது சிறுகளா. அதற்குத் தடை ஒன்றுதான், நாற்று கிடைப்பதில்லை. பண்ணைகளில் கேட்டால் பெருங்களாவையோ நேட்டால் பிளத்தையோ எடுத்து நீட்டுவார்கள். ஆகவே வனத்துறை நாற்றங்கால்களும் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றங்களும் இந்தக் குன்றுகளின் விதையையே எடுத்து வளர்க்க வேண்டும். எங்கே எந்தச் செடி நல்ல காய் காய்க்கும் என்பது இங்குள்ள இருளர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரியும், அவர்களுக்கு உரிய கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். நன்றாகக் கறுத்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். களா விதையின் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும், டப்பாவில் போட்டு வைத்தால் வீண். சதையைக் கழுவிய கையோடு அன்றே பையில் விதைத்துவிடுங்கள்.